மென்பொருள் கரைசேரும் வழி

நெய்த துணி சந்தைக்குப் போய்ச் சேரவேண்டும். அச்சிட்ட நூல் வாசகன் கைக்கு எட்டவேண்டும். நெய்தவனுடைய திறமை எத்துணைப் பெரிதாயினும், வழியிலே நனைந்து கிழிந்த துணிக்கு விலையில்லை. கணினித் தொழிலின் வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் ஆக்கியோரையே போற்றிச் செல்கின்றனர். ஆக்கியதைப் பழுதின்றிக் கொண்டுபோய்ச் சேர்த்தோரின் வரலாறு அருகியே பேசப்படுகின்றது. அவ்வரலாற்றிலே வியக்கத்தக்க கைத்திறனும் உண்டு. முக்கால் மணித்தியாலத்தில் ஒரு பெருங்கொம்பனி கவிழ்ந்துபோன கதையும் உண்டு.

மென்பொருள் என்பது கணினிக்கு இடப்படும் கட்டளைகளின் தொகுதி என்பதை நேயர்கள் அறிவர். ஒருவர் தம் மேசையிலிருந்து எழுதிய கட்டளைகள் எழுதியவுடனே பயன்தருவதில்லை. உடன் பணிபுரியும் பிறர் எழுதிய பகுதிகளோடு அவை இணையவேண்டும், மனிதர் எழுதிய வடிவிலிருந்து இயந்திரம் ஏற்றுக்கொள்ளும் வடிவுக்கு மாறவேண்டும், சோதனைக்கு உட்படவேண்டும், கடைசியாக, வங்கியிலோ வைத்தியசாலையிலோ விமான நிலையத்திலோ உள்ள கணினியில் ஏறி அமரவேண்டும். இம்முழுப் பயணத்தையும் இக்காலத் தொழில்வல்லார் 'பைப்லைன்', அதாவது குழாய்வழி, என்று அழைக்கின்றனர். ஒரு முனையிலே ஊற்றியது மறுமுனைக்கு வரவேண்டும்; இடையிலே கசியவுங் கூடாது, கலப்படம் சேரவுங் கூடாது.

சந்திரனுக்கு மனிதரை அனுப்பிய அப்பலோத் திட்டத்திலே இப்பயணம் உண்மையாகவே ஒரு நெசவு வேலையாக இருந்தது. விண்கலத்தின் வழிகாட்டுங் கணினிக்குரிய நிரல்கள் அமெரிக்காவின் மசச்சூசெட்ஸ் மாநிலத்திலே, கேம்பிரிட்ஜ் நகரத்து எம்.ஐ.ரி. கருவியியல் ஆய்வுகூடத்தில் எழுதப்பட்டன. எழுதி முடித்த நிரல் அயலூராகிய வோல்தமில் இருந்த ரேதியன் கொம்பனியின் தொழிற்சாலைக்குச் சென்றது. அங்கே பெண் தொழிலாளர் ஊசி கொண்டு, மிகச் சிறிய காந்த வளையங்களினூடாக நுண்ணிய கம்பியைக் கோத்தனர். கம்பி ஒரு வளையத்தினுள்ளே நுழைந்து சென்றால் ஒன்று என்பது பொருள். வெளியே விலகிச் சென்றால் பூச்சியம். எந்த வளையத்தில் ஊசி நுழையவேண்டும் என்பதைத் துளையிட்ட நாடாவினால் இயங்கிய ஒரு பொறி காட்டிக்கொடுத்தது. நுழைத்த கை மனிதக் கை. ஒரு கணினிக்கு 36,864 சொற்கள் இவ்வாறு கோக்கப்பட்டன. ஒவ்வொரு சொல்லும் சரிபார்ப்புக் குறியோடு சேர்த்து 16 இலக்கம் கொண்டது.

கயிறு போலத் திரண்டிருந்தமையால் அந்த நினைவகத்தைக் கயிற்று நினைவகம் என்றே அழைத்தனர். ஒவ்வொரு பயணத்துக்குமுரிய நிரலுக்குப் பொறுப்பாக நின்றவருக்குக் 'கயிற்றுத் தாய்' என்பது பெயர். ஆடவர் அப்பொறுப்பை ஏற்றபோதும் அப்பெயரே வழங்கிற்று. நெய்து முடிக்கப் பல வாரங்கள் சென்றன. நெய்த பின்னர் ஓர் எழுத்தை மாற்றவேண்டுமாயின் அந்தக் கோவையையே மீண்டும் நெய்யவேண்டும். ஆகவே விண்கலம் புறப்படுவதற்குப் பல மாதங்களுக்கு முன்னரே நிரலை முடித்து முத்திரையிடும் கட்டாயம் இருந்தது. பிற்காலத்தார் 'பிறகு திருத்திக்கொள்ளலாம்' என்று சொல்லிப் பழகிய ஆறுதல் அவர்களுக்குக் கிடைக்கவில்லை. எனவே பெரிய கணினிகளிலே விண்கலத்தின் பாவனையை அமைத்து, முழுப் பயணத்தையும் நிலத்திலிருந்தவாறே பலமுறை ஓட்டிப் பார்த்தனர். நிரலாசிரியர் தாளிலே அச்சிட்ட கட்டளைகளை வரிவரியாகக் கண்ணால் ஆராய்ந்தனர். மார்கரெட் ஹமில்டன் அம்மையார் தலைமையில் வளர்ந்த அந்தக் குழுவினர் சோதனையைத் தொழிலின் இறுதிக் கட்டமாகக் கொள்ளாது, தொழிலோடு தொழிலாக நடத்தினர்.

அவ்வாறிருந்தும் நெய்த கயிறு ஒருமுறை பெருஞ் சங்கடத்தை உண்டாக்கிற்று. 1971 பெப்ரவரியில் அப்பலோ 14 சந்திரனைச் சுற்றிவந்தபோது, இறங்குகலத்தின் 'கைவிடு' என்னும் பொத்தான் எவரும் தொடாமலே சமிக்ஞை அனுப்பத் தொடங்கிற்று. பொத்தானுக்குள்ளே ஈயப்பற்றின் ஒரு சிறு துளி சிக்கி அலைந்தது போலும் என்பது பொறியியலாளரின் ஊகம். இறங்கும்போது அச்சமிக்ஞை எழுமாயின், கணினி இறக்கத்தைக் கைவிட்டுக் கலத்தை மேலே செலுத்திவிடும். நிரலோ கம்பியிலே நெய்யப்பட்டது, மாற்ற வழியில்லை. டொன் ஐல்ஸ் என்னும் இளம் நிரலாசிரியர், மாற்றத்தக்கதாயிருந்த சிறிய நினைவகத்தில் சில எண்களை இட்டு அந்தப் பொத்தானைக் கணினி பொருட்படுத்தாதபடி செய்யும் உபாயமொன்றைச் சில மணித்தியாலங்களுள் வகுத்தார். நிலத்திலிருந்து வானொலி மூலம் எண்களை வாசிக்க, அங்கே மிச்செல் ஒவ்வொரு விசையாக அழுத்தினார். ஷெப்பர்டும் மிச்செலும் சந்திரனில் இறங்கினர். களத்திலுள்ள மென்பொருளை உடனடியாகத் திருத்தும் ஆற்றல் ஏன் வேண்டும் என்பதற்கு இதனினும் தெளிவான எடுத்துக்காட்டு அரிது.

நிலத்தின்மேல் இருந்தோருடைய இடர் வேறு வகையானது. அவர்களுக்கு மாற்றுவது எளிது. எதை எப்போது யார் மாற்றினார் என்று அறிவதே அரிது. 1968 ஒக்டோபரில் மேற்கு ஜேர்மனியின் கார்மிஷ் நகரிலே நேட்டோ அமைப்பின் ஆதரவில் கூடிய மாநாட்டிலே, மென்பொருள் ஆக்கம் நெருக்கடிக்கு உட்பட்டுள்ளது என்று அறிஞர் பலர் வெளிப்படையாகப் பேசினர். 'மென்பொருட் பொறியியல்' என்னும் பெயர் பரவியதும் அம்மாநாட்டிலிருந்தேயாம். பெயர் வந்துவிட்டது, கருவிகள் மெல்ல மெல்லவே வந்தன. 1972இல் பெல் ஆய்வுகூடத்தைச் சேர்ந்த மார்க் ரொச்கைண்ட், ஒரு நிரலின் ஒவ்வொரு பதிப்பையும் வரிசை பிசகாது காத்துவைக்கும் ஏற்பாட்டை ஆக்கினார். கணக்குப்பிள்ளை பேரேட்டில் பழைய வரியை அழிக்காமல் புதிய வரியை எழுதுவதுபோல, பழைய நிரலையும் இழக்காமல் புதியதைச் சேர்க்க அது இடந்தந்தது. அந்த வழிமுறையின் தூரத்துப் பேரனாகிய 'கிற்' என்பதை லினஸ் டொர்வால்ட்ஸ் 2005இல் எழுதினார். இன்று உலகின் பெரும்பாலான நிரல்கள் அதன் காவலிலே உள்ளன.

அதே பெல் ஆய்வுகூடத்திலே 1976இல் நிகழ்ந்த ஒரு சிறு சம்பவம் குறிப்பிடத்தக்கது. ஸ்டீவ் ஜோன்சன் என்பவர் ஒரு காலைப் பொழுது முழுவதும் தம் நிரலிலே பிழை தேடினார். பிழை எப்போதோ திருத்தப்பட்டிருந்தது. ஆனால் திருத்திய பகுதியை இயந்திர வடிவுக்கு மாற்ற மறந்தமையால், பழைய பகுதியே மீண்டும் மீண்டும் ஓடிக்கொண்டிருந்தது. இல்லாத பிழையைத் தேடி ஒருவர் நேரங் கழித்ததைக் கேட்ட நண்பர் ஸ்டுவர்ட் பெல்ட்மன், எந்தப் பகுதி எதனைச் சார்ந்தது என்பதை ஒரு தாளிற் குறித்துவைத்தால் மாறியவற்றை மாத்திரம் தானே மீளக் கட்டிக்கொள்ளும் 'மேக்' என்னும் கருவியை ஆக்கினார். மனிதன் நினைவிலே சுமந்திருந்த ஒழுங்கு அன்று முதன்முதலாக எழுத்திலே வந்தது எனலாம். அக்கருவிக்குரிய தாளிலே சில வரிகள் தட்டச்சின் தாவல் விசையால் தொடங்கவேண்டும் என்றொரு விதி உண்டு. வெற்றிடம் இட்டால் ஏற்காது. அது நல்ல விதியன்று என்பதைப் பெல்ட்மன் சில வாரங்களிலேயே கண்டுகொண்டார். அதற்குள் ஏறக்குறைய ஒரு டசின் பேர் அதனைப் பயன்படுத்தத் தொடங்கிவிட்டமையால், அவர்களைத் தொல்லைப்படுத்த விரும்பாமல் விட்டுவிட்டார். அந்தப் பன்னிருவர்மீது காட்டிய இரக்கத்தின் பயனாகப் பின்வந்த கோடிக்கணக்கான தாள்கள் அவ்விதியைச் சுமக்கின்றன.

எண்பதுகளிலும் தொண்ணூறுகளின் தொடக்கத்திலும் நிறுவனங்கள் பெருத்தன. ஒரே மென்பொருளை நூற்றுக்கணக்கானோர் எழுதும் நிலை வந்தது. பலர் பல மாதம் தனித்தனியே எழுதிவிட்டு, கடைசியில் ஒருநாள் எல்லாவற்றையும் ஒன்றாக இணைக்கும் வழக்கமே எங்கும் இருந்தது. தச்சர் நால்வர் தனித்தனி வளவுகளிலிருந்து கதவு, நிலை, பிணைச்சல், பூட்டு என்பவற்றைச் செய்து, குடிபுகும் நாளன்று பொருத்திப் பார்த்தாற்போன்ற நிலை அது. பொருத்தும் நாள் வாரமாகும், வாரம் மாதமாகும். இந்த நோய்க்கு மைக்ரோசொஃப்ட் கொம்பனியார் கண்ட மருந்து நாள்தோறும் கட்டுதல். டேவ் கட்லர் என்பவரின் தலைமையில் உருவாகி 1993இல் வெளிவந்த விண்டோஸ் என்.ரி. என்னும் அமைப்பினை அவர்கள் அன்றாடம் முழுமையாகக் கட்டி, தாங்களே அதனைத் தங்கள் மேசைகளிலே பயன்படுத்தினர். நேற்றுச் சேர்த்ததிலே பிழை இருந்தால் இன்றே தெரியும். தேடவேண்டிய இடமும் ஒரு நாளின் வேலையளவே.

கென்ற் பெக் என்பவர் இம்மருந்தை இன்னும் ஒருபடி ஏற்றினார். 1996 தொடக்கம் கிறைஸ்லர் மோட்டார்க் கொம்பனியின் சம்பளக் கணக்குத் திட்டத்திலே பணியாற்றிய அவர், நாளுக்கு ஒருமுறை என்பதும் போதாது, எழுதியவர் ஒவ்வொருவரும் சில மணித்தியாலத்துக்கு ஒருமுறை பொதுத் தொகுதியோடு இணைக்கவேண்டும், இணைத்தவுடனே சோதனைகள் தாமாக ஓடவேண்டும் என்றார். நோகின்ற காரியத்தை அடிக்கடி செய்தால் நோவு குறையும் என்பது அவருடைய கூட்டத்தாரின் கொள்கை. கிறைஸ்லரின் அத்திட்டம் 2000ஆம் ஆண்டிலே கைவிடப்பட்டது என்பதையும் மறைக்காமற் சொல்லவேண்டும். முறை பிழைத்தது, திட்டம் பிழைக்கவில்லை. மார்ட்டின் பவுலர் 2000இல் எழுதிய கட்டுரை அம்முறையைப் 'தொடர் ஒருங்கிணைப்பு' என்னும் பெயரோடு ஊரறியச் செய்தது.

அக்கருத்தின் வேர் கணினித் தொழிலுக்கு வெளியே உள்ளது. யப்பானியரான சக்கிச்சி தொயோதா 1924இல் பூரணப்படுத்திய தானியங்கித் தறி, பாவு நூல் ஒன்று அறுந்தவுடனே தானாக நின்றுவிடும். நூல் அறுந்த பின்னும் ஓடுந் தறி பழுதான துணியை முழம் முழமாக நெய்துகொண்டே போகும். நின்றுவிடுந் தறி ஒரு நூலோடு இழப்பை நிறுத்திக்கொள்ளும். இங்கிலாந்தின் பிளாட் சகோதரர் கொம்பனி அத்தறிக்குரிய உரிமையை 1929இல் 1,00,000 பவுண் கொடுத்து வாங்கிற்று. தொயோதா குடும்பத்தார் பின்னர் மோட்டார் வண்டி செய்தபோது, பழுது கண்ட எந்தத் தொழிலாளியும் ஒரு கயிற்றை இழுத்து வரிசை முழுவதையும் நிறுத்தலாம் என்ற விதியை வைத்தனர். மேரி, டொம் பொப்பென்டீக் தம்பதியர் 2003இல் வெளியிட்ட நூல் இவ்விதியை மென்பொருளாருக்கு எடுத்துரைத்தது. கயிற்றை இழுத்தவனை மேலாளர் கடிந்துகொள்வாராயின், அடுத்த முறை எவனும் இழுக்கமாட்டான் என்பதே இதில் நுட்பம். பல நிறுவனங்கள் கயிற்றைக் கட்டிவிட்டு, இந்த நுட்பத்தை மறந்துபோயின.

தறி நிற்கவேண்டுமாயின் நூலறுந்ததை உணரும் உறுப்பு வேண்டும். கலிபோர்னியாவிலே சன் மைக்ரோசிஸ்டம்ஸ் கொம்பனியிற் பணியாற்றிய கோசுக்கே கவாகுச்சி, தாம் சேர்த்த நிரலால் பொதுத் தொகுதி உடைந்துவிட, உடன்பணியாளரின் கோபத்துக்கு அடிக்கடி ஆளானார். பிறர் காணுமுன் தாமே பிழையைக் கண்டுகொள்ளும் பொருட்டு 2004இல் ஒரு கருவியை எழுதத் தொடங்கினார். ஹட்சன் என்று ஒரு வீட்டுப் பணியாளின் பெயரை அதற்கு இட்டார். சன் கொம்பனியை ஒரக்கிள் கொம்பனி 2010இல் வாங்கிய பின்னர் பெயருரிமை குறித்துப் பிணக்கு எழ, 2011இல் அது ஜென்கின்ஸ் என்னும் இன்னொரு பணியாளாக மறுபிறப்பு எடுத்தது. தன் மானத்தைக் காக்க ஒருவர் எழுதிய கருவி, பல்லாயிரம் நிறுவனங்களின் குழாய்வழிக்குக் காவலாளியாயிற்று.

கட்டுதலும் சோதித்தலும் இவ்வாறு இயந்திரத்தின் பொறுப்பாயின. எனினும் கட்டியதைக் களத்துக் கணினிகளில் ஏற்றும் கடைசிப் படி நெடுங்காலம் மனிதக் கையிலேயே இருந்தது. எழுதுவோர் ஒரு சாதி, இயக்குவோர் இன்னொரு சாதி என்றாற்போல நிறுவனங்கள் பிரிந்து கிடந்தன. எழுதுவோர் மாற்றத்தை விரும்பினர். இயக்குவோர் மாற்றமே ஆபத்தென அஞ்சினர். 2009 ஜூனில் ஜோன் ஓல்ஸ்போ, போல் ஹமண்ட் என்னும் இருவர், பிளிக்கர் என்னும் புகைப்படச் சேவையிலே தாங்கள் நாளொன்றுக்குப் பத்துக்கு மேற்பட்ட தடவை புதிய நிரலை ஏற்றுவதாக ஒரு மாநாட்டிலே கூறினர். மாதத்துக்கு ஒருமுறை ஏற்றவே நடுங்கியவர்களுக்கு இது துணிகரமாகத் தோன்றிற்று. அவர்களுடைய விளக்கமோ எளியது. சிறு மாற்றத்தில் பிழை தேடுவதும் எளிது, அதனைத் திருப்பி எடுப்பதும் எளிது. புதிய அம்சத்தை அணைத்த நிலையிலே ஏற்றிவிட்டு, ஓர் 'அடையாளக் கொடி'யைத் திருப்பிப் பின்னர் சிறிது சிறிதாக ஏவலாம். அதே ஆண்டு ஒக்டோபரில் பெல்ஜியத்தின் கெண்ட் நகரிலே பற்றிக் டெபுவா கூட்டிய கூட்டத்திலிருந்து 'டெவொப்ஸ்' என்னும் இயக்கம் வளர்ந்தது. 2010இல் ஜெஸ் ஹம்பிளும் டேவிட் பார்லியும் எழுதிய நூல், மேசையிலிருந்து களம் வரையுள்ள வழி முழுவதையும் ஒரே குழாய்வழியாக வரைந்து காட்டிற்று. ஒருமுறை கட்டிய அதே பொருளே எல்லாச் சோதனைகளையுங் கடந்து களத்துக்குச் செல்லவேண்டும், கையால் எந்தக் கணினியையும் தனியே தொடக்கூடாது என்பன அந்நூலின் தலையாய விதிகள்.

அந்த விதிகளை அறியாமல் இருந்ததன் விலை யாது என்பதை உலகம் இரண்டு ஆண்டுகளுள் கண்டது. நியூ ஜேர்சி மாநிலத்தின் ஜேர்சி சிற்றியிலே இயங்கிய நைட் கப்பிட்டல் என்பது அமெரிக்கப் பங்குச் சந்தையின் மிகப் பெரிய தரகு நிறுவனங்களுள் ஒன்று. நியூ யோர்க் பங்குச் சந்தை சிறு முதலீட்டாளருக்காக வகுத்த புதிய திட்டம் 2012 ஓகஸ்ட் 1ஆம் திகதி தொடங்கவிருந்தது. அதற்கு வேண்டிய புதிய நிரலை, கட்டளைகளைச் சந்தைக்கு அனுப்பும் எட்டுக் கணினிகளில் ஏற்றும் பணி ஜூலை 27 தொடக்கம் சில நாட்களாக நடந்தது. கையால் ஏற்றிய ஊழியர் ஏழு கணினிகளில் ஏற்றினார். எட்டாவது விடுபட்டுப் போயிற்று. இரண்டாமவர் ஒருவர் சரிபார்க்கவேண்டும் என்ற எழுத்திலமைந்த நடைமுறை அந்நிறுவனத்திலே இருக்கவில்லை.

எட்டாவது கணினியில் இருந்த பழைய நிரலுக்குள்ளே, 2003இல் பயன்பாட்டை விட்டு நீங்கிய 'பவர் பெக்' என்னும் ஒரு பகுதி உறங்கிக்கொண்டிருந்தது. பயனற்றுப்போன அதனை எவரும் அகற்றவில்லை. தரப்பட்ட கட்டளையளவு நிறைவேறியதும் நிறுத்துவதற்காக அதற்கென இருந்த எண்ணும் உறுப்பினை 2005இல் வேறிடத்துக்கு மாற்றினர். மாற்றியபின் பவர் பெக் ஒழுங்காக இயங்குமோ என்று சோதிக்கவுமில்லை. இவற்றுக்கெல்லாம் முடிசூட்டினாற்போல, பவர் பெக்கை எழுப்புவதற்கு முன்னாளில் வழங்கிய அதே அடையாளக் கொடியைப் புதிய திட்டத்துக்கும் பயன்படுத்தினர். ஏழு கணினிகளுக்கு அக்கொடி புதிய கட்டளை. எட்டாவதற்கு அது ஒன்பது ஆண்டு உறக்கத்திலிருந்து எழுப்பிய கூவல்.

ஓகஸ்ட் 1ஆம் திகதி காலை 8.01 மணி தொடக்கம், சந்தை திறக்கும் 9.30 மணிக்கு முன்னர், நிறுவனத்தின் சொந்த இயந்திரமே 97 மின்னஞ்சல்களை ஊழியர் குழுவொன்றுக்கு அனுப்பிற்று. பவர் பெக் என்னும் பெயரே அவற்றிலே காணப்பட்டது. அவை எச்சரிக்கையாக வடிவமைக்கப்பட்டவை அல்ல; வந்தவற்றை உடனுக்குடன் வாசிக்கும் வழக்கமும் இல்லை. சந்தை திறந்தது. வாடிக்கையாளரின் 212 சிறு கட்டளைகளை நிறைவேற்றப் புகுந்த எட்டாவது கணினி, நிறைவேறியதை எண்ண அறியாமல், மீண்டும் மீண்டும் வாங்கவும் விற்கவுந் தொடங்கிற்று. 45 நிமிடங்களுள் 154 கொம்பனிகளின் பங்குகளிலே 40 இலட்சத்துக்கு மேற்பட்ட கொடுக்கல் வாங்கல்கள் நிகழ்ந்தன. கைமாறிய பங்குகள் 39 கோடி 70 இலட்சத்துக்கு மேல்.

அந்த 45 நிமிடங்களில் உள்ளேயிருந்தோர் செய்த ஒரு காரியம் இக்கதையின் மிகக் கசப்பான பகுதி. புதிய நிரலிலே பிழை என்று கருதி, அது சரியாக ஏற்றப்பட்டிருந்த ஏழு கணினிகளிலிருந்தும் அதனை அகற்றினர். அகற்றவே அவ்வேழிலும் பழைய நிரல் மீண்டது. கொடியோ ஏற்றியபடியே இருந்தது. ஒன்று செய்த அழிவை எட்டும் செய்யத் தொடங்கின. எந்தக் கணினியில் எந்தப் பதிப்பு உள்ளது என்று ஒரே பார்வையில் அறியும் ஏற்பாடு இருந்திருப்பின், அத்தவறு நேர்ந்திராது. பின்வாங்குவதும் ஒரு படையெடுப்பே. அதற்கும் ஒத்திகை வேண்டும். இழப்பு 46 கோடி டொலருக்கு மேற்பட்டது. பிற முதலீட்டாளர் 40 கோடி டொலர் இட்டுக் காப்பாற்றினர். மறு ஆண்டே நிறுவனம் கெற்கோ என்னும் வேறொன்றோடு இணைந்து தன் தனித்தன்மையை இழந்தது. 2013 ஒக்டோபரில் அமெரிக்கப் பங்குப் பரிவர்த்தனை ஆணைக்குழு 1 கோடி 20 இலட்சம் டொலர் தண்டம் விதித்தது. அவ்வாணையிலே எட்டாவது கணினியை விட்ட ஊழியரின் பெயர் இல்லை. இல்லாதிருப்பதே முறை, ஒருவருடைய மறதியால் கவிழக்கூடிய அமைப்பைக் கட்டியவர் அவர் அல்லர்.

இதனோடு ஒப்பிட்டு நோக்கத்தக்க இன்னொரு நிகழ்ச்சி இலங்கையரோடு தொடர்புடையது. மாலபேயில் இயங்கிய மிலேனியம் ஐ.ரி. என்னும் கொம்பனியை இலண்டன் பங்குச் சந்தை 2009இல் வாங்கி, அதன் மென்பொருளைத் தன் சந்தையின் இயந்திரமாக ஏற்க முடிவுசெய்தது. பிரதான சந்தையை அவர்கள் முதலில் தொடவில்லை. ரேர்க்கொய்ஸ் என்னும் சிறிய சந்தையை 2010 ஒக்டோபரில் புதிய மென்பொருளுக்கு மாற்றினர். அடுத்த மாதம் அச்சிறிய சந்தை ஒருநாள் தடைப்பட்டது. உடனே பிரதான சந்தையின் மாற்றத்தை ஒத்திவைத்து, ஆராய்ந்து, 2011 பெப்ரவரி 14ஆம் திகதியே மாற்றினர். ஒத்திவைத்தமைக்காகப் பத்திரிகைகள் குறைகூறின. ஆனால் ஓடையிலே தோணியைச் சோதித்தவன் கடலில் இறங்கத் தாமதித்தான் என்பது ஒரு குறையோ?

விரைவு வேண்டுமாயின் பத்திரத்தை விடவேண்டும், பத்திரம் வேண்டுமாயின் விரைவை விடவேண்டும் என்பது பலருடைய நம்பிக்கை. நிக்கோல் போர்ஸ்கிறென் அம்மையார் ஜெஸ் ஹம்பிளோடும் ஜீன் கிம்மோடும் சேர்ந்து 2018இல் வெளியிட்ட ஆய்வுநூல் இதனை மறுத்தது. அடிக்கடி ஏற்றுங் குழுவினரே பிழையிலிருந்து விரைவில் மீள்வோராகவும், பிழை குறைந்தோராகவும் காணப்பட்டனர் என்பது அதன் முடிபு. வினாக்கொத்துக்கு அளித்த விடைகளைக் கொண்டு பெற்ற முடிபாதலால், எது காரணம் எது காரியம் என்பதிலே சிறிது நிதானம் தேவை. நன்கு ஒழுங்குபட்ட குழு இரண்டையும் ஒருங்கே பெறுகின்றது என்று கொள்வது பொருத்தம்.

குழாய்வழி இயந்திரமயமானதும் புதியதொரு பகை தோன்றிற்று. கிணற்றுக்கு நஞ்சிடுபவன் வீடு வீடாகச் செல்லவேண்டியதில்லை. கென் தொம்சன் 1984இல் வெளியான தம் ரியூரிங் விருது உரையிலே, நிரலை இயந்திர வடிவுக்கு மாற்றுங் கருவியே வஞ்சகஞ் செய்யுமாயின், மூலநிரலை எத்துணை உற்றுநோக்கியும் பயனில்லை என்று காட்டியிருந்தார். 2020இல் அது ஏட்டுப்பாடமாக நிற்கவில்லை. ரெக்சாஸ் மாநிலத்தின் சோலர்விண்ட்ஸ் கொம்பனியின் கட்டுங் கணினிக்குள்ளே புகுந்த அந்நியர், கட்டும் வேளை பார்த்து ஒரு மூலநிரற் கோப்பை மாற்றிவைத்து, கட்டி முடிந்ததும் பழையதை மீட்டு வைத்துவிடும் ஏற்பாட்டைச் செய்தனர். மூலத்தைப் பார்த்தவர் கண்ணுக்கு ஒன்றுந் தெரியவில்லை. கொம்பனியின் முத்திரையோடு வெளிவந்த அப்பதிப்பைப் பெற்ற வாடிக்கையாளர் ஏறத்தாழ 18,000 பேர். அமெரிக்க அரசின் திணைக்களங்களும் அவற்றுட் சில. இதன் பின்னரே, ஒரே மூலத்தை வெவ்வேறிடத்திற் கட்டினாலும் எழுத்துக்கு எழுத்து ஒரே பொருள் வருகின்றதா என்று ஒப்பிடும் முறைக்கு மதிப்புக் கூடிற்று. டெபியன் என்னும் கூட்டு முயற்சியினர் அதனைப் பல ஆண்டுகளுக்கு முன்னரே தொடங்கியிருந்தனர், கவனித்தவர் சிலரே.

சோலர்விண்ட்ஸ் கட்டுங் கணினியில் ஒளிந்திருந்த அந்த வஞ்சக நிரலை ஆராய்ந்து 2021 ஜனவரியில் விவரம் வெளியிட்ட காவற்கொம்பனிகளுள் ஒன்று குரவுட்ஸ்ட்ரைக். பிறருடைய குழாயிலிருந்த நஞ்சைக் கண்டறிந்த அதே கொம்பனியே மூன்று ஆண்டுகளின் பின் தன் குழாய்வழியால் உலகை நிறுத்திற்று. 2024 ஜூலை 19ஆம் திகதி, வெள்ளிக்கிழமை, இலங்கை நேரப்படி முற்பகல் 9.39 மணிக்கு, புதிய தாக்குதல்களை அடையாளங் காண்பதற்கான ஒரு சிறு தகவற்கோப்பை அது உலகெங்குமுள்ள வாடிக்கையாளரின் கணினிகளுக்கு அனுப்பிற்று. கோப்பின் இலக்கணம் 21 உள்ளீடுகளை வேண்டிற்று. கணினியில் இருந்த நிரலோ 20ஐ மாத்திரம் வழங்கிற்று. இருபத்தோராவதைத் தேடித் தன் எல்லைக்கப்பால் நினைவகத்தை வாசிக்கப் புகுந்த நிரல் கணினியையே வீழ்த்திற்று. சரிபார்க்கவேண்டிய கருவியிலும் பிழை இருந்தமையால், அது கோப்பினைக் கடந்துபோக விட்டது. 78 நிமிடங்களில் கோப்பு மீளப் பெறப்பட்டது. அதற்குள் மைக்ரோசொஃப்டின் மதிப்பீட்டின்படி 85 இலட்சம் கணினிகள் வீழ்ந்துவிட்டன. விமானங்கள் ஆயிரக்கணக்கில் இரத்தாயின; வைத்தியசாலைகளிலே சத்திரசிகிச்சைகள் பிற்போடப்பட்டன. வீழ்ந்த கணினி இணையத்தோடு பேசாது. ஆகவே திருத்தத்தை அதற்கு அனுப்பவும் இயலவில்லை. பல இடங்களிலே ஊழியர் ஒவ்வொரு கணினியாகச் சென்று, கையால் அக்கோப்பை அழித்தனர்.

அக்கொம்பனியார் தம் நிரலின் புதிய பதிப்புகளை ஒழுங்காகவே படிப்படியாக வெளியிட்டு வந்தனர். முதலிலே தம் கணினிகள், அடுத்துச் சில வாடிக்கையாளர், பின்னரே அனைவரும். தகவற்கோப்பு நிரல் அல்லவே, வெறுந் தகவல்தானே என்னும் எண்ணத்தினால், அதனை மாத்திரம் அந்தப் படிகளுக்கு வெளியே ஒரு குறுக்குவழியில் ஒரேயடியாக அனுப்பி வந்தனர். பாதையிலே வாயில்களைக் கட்டிய பல நிறுவனங்களில் இதே போன்ற ஒரு பக்கவாயில் திறந்து கிடப்பதை ஆராய்ந்தோர் அதன்பின் கண்டனர். 2024 ஓகஸ்டிலே குரவுட்ஸ்ட்ரைக் வெளியிட்ட அறிக்கை, இனித் தகவற்கோப்புகளும் படிப்படியாகவே செல்லும் என்றும், எந்தப் படியிலே தம் கணினிகள் அவற்றைப் பெறவேண்டும் என்பதை வாடிக்கையாளரே தெரிவுசெய்யலாம் என்றும் கூறிற்று.